மண்சாலைக்கு எந்த டயர்?

கம்போங் ராஜாவில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். மூடுபனி இன்னும் முழுதாக விலகியிருக்காது. அதற்குள் முட்டைக்கோஸ், தக்காளி, கீரைக் கூடைகளைச் சுமந்துகொண்டு பழைய லேண்ட் ரோவர்கள் தோட்டங்களிலிருந்து ஒவ்வொன்றாக ஏறி வரும். கதவு ஒரு நிறம், முன்மூடி வேறு நிறம். சிலவற்றில் கதவே இருக்காது. ஆனால் என் ஐம்பது வயது உறவினர்கள் பலரைவிடத் தெம்பாக மேடு ஏறும்.

1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான வண்டி இது. அவசரகாலத்தில் பிரிட்டிஷ் ராணுவம் மலாயாவில் இதை ஓட்டியது. பிறகு தோட்டத் துரைமார்களின் வண்டியாகி, கடைசியில் காய்கறி விவசாயிகளின் கைக்கு வந்தது. உடல் பகுதி அலுமினியக் கலவையில் செய்யப்பட்டது என்பதால், எப்போதும் ஈரமாக இருக்கும் இந்த மலையிலும் சாதாரண இரும்புத் தகட்டைப் போல அரித்துப் போவதில்லை.

கேமரன் மலைக்கு வருகிறவர்கள் தேயிலைத் தோட்டத்தில் படம் எடுப்பார்கள், ஸ்ட்ராபெரி பறிப்பார்கள். நான் இந்த முறை டயர் பார்க்கப் போனேன்.

காரணம் இதுதான். என்னிடம் ஒரு பழைய ஹைலக்ஸ் இருக்கிறது. வார நாள்களில் அதிகாலை நிகழ்ச்சிக்கு என்னை வானொலி நிலையத்தில் சேர்க்கும். வெள்ளிக்கிழமை மாலையில் அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, நண்பர்கள் சிலரோடு அரிசி, பால்மாவு, பள்ளிப் புத்தகம் ஏற்றிக்கொண்டு, ரிங்லெட்டுக்கு அப்பால் தார்ச்சாலையை விட்டு இறங்கி, செமாய் பூர்வகுடி மக்கள் வாழும் ஒரு கிராமத்துக்குப் போகும். திரும்பும்போது கிளினிக்குக்குப் போக வேண்டிய ஓரிரு பேர் எங்களோடு ஏறிக்கொள்வார்கள். வெயில் நாளில் அந்த மண்சாலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். மழை நாளில் எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது.

பழைய டயர்கள் தேய்ந்துவிட்டன. கோலாலம்பூரில் ஒரு டயர் கடையில் விசாரித்தேன். கடைக்காரர் ஆசையைத் தூண்டுவதில் கெட்டிக்காரர். 33 அங்குலத்தில் ‘மட் டெரெயின்’ எனப்படும் சேற்று டயர் ஐந்து, அகலமான ரிம், வண்டியை 2 அங்குலம் உயர்த்தும் சஸ்பென்ஷன், அதற்கு ஏற்ற மேல் கைகள் என்று எழுதிக்கொண்டே போனார். மொத்தம் 16,000 வெள்ளியைத் தாண்டியது. அப்படி மாற்றிய வண்டி ஒன்று கடை வாசலில் நின்றது. உண்மையைச் சொன்னால், பார்க்க அழகாகத்தான் இருந்தது.

“பணத்தைக் கட்டுறதுக்கு முன்னால பெரிய மாமாவை ஒரு வார்த்தை கேளு” என்றார் அம்மா. மாமா பிரிஞ்சாங்கில் இருக்கிறார். நாற்பது ஆண்டுகளாக அந்த மலைச்சரிவுகளில் காய்கறி ஏற்றி இறக்கியவர்.

மாமா என் வண்டியைச் சுற்றி வந்தார். கடைக்காரர் எழுதிக் கொடுத்த தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பிறகு தன் லேண்ட் ரோவர் அருகே அழைத்துப் போய்க் கையை நீட்டினார். “டயரைப் பாரும்மா.”

குனிந்து பார்த்தேன். பக்கச்சுவரில் 7.50-16 என்று இருந்தது. நீளமான பழைய லேண்ட் ரோவர்களுக்கு உரிய அளவு அது. உயரத்தில் ஏறக்குறைய 32 அங்குலம். அதாவது கடைக்காரர் சொன்ன டயருக்குச் சற்றே குறைவு. அகலமோ ஏழரை அங்குலம்தான், 190 மில்லிமீட்டர். எனக்குச் சொல்லப்பட்டது 285 மில்லிமீட்டர்.

“அகலமா இருந்தா சேத்து மேல மிதக்கும். கடற்கரை மணல்னா அது நல்லது. இங்க மிதந்தா வழுக்கிக்கிட்டுப் பள்ளத்துக்குப் போயிடும். ஒல்லியான டயர் சேத்தை வெட்டிக்கிட்டு இறங்கி அடியில இருக்கிற கெட்டி மண்ணைப் பிடிக்கும். ரெண்டும் வேற வேற ஊருக்கான டயரும்மா.”

அன்று இரவு மாமா வீட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டயரின் பக்கச்சுவரில் உள்ள எண்களைப் படிக்கத் தெரிந்தால் இதை யாரும் செய்யலாம். என் வண்டியின் டயர் 265/65R17. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ரிம்மோடு மேலும் கீழும் உள்ள பக்கச்சுவர்களைக் கூட்டினால் டயரின் மொத்த உயரம் கிடைக்கும். என்னுடையது 776 மில்லிமீட்டர். 33 அங்குலம் என்று அவர்கள் சொல்லும் 285/70R17 டயர் 831 மில்லிமீட்டர். வித்தியாசம் 55. ஆனால் வண்டியின் அச்சு டயரின் நடுவில் இருக்கிறது. எனவே தரையிலிருந்து நமக்குக் கிடைக்கும் கூடுதல் உயரம் அதில் பாதி, வெறும் 27 மில்லிமீட்டர். இரண்டு விரல் அகலம்கூட இல்லை.

சரி, 2 அங்குலம் உயர்த்தும் சஸ்பென்ஷன்? அது உடலையும் சட்டத்தையும்தான் தூக்கும். ஹைலக்ஸின் பின் அச்சு, நடுவில் தொங்கும் டிஃபரென்ஷியல் குண்டோடு, இருந்த இடத்திலேயே இருக்கும். பாதையின் நடு மேட்டில் முதலில் இடிப்பது அந்தக் குண்டுதான். அதை உயர்த்தக்கூடியது டயர் மட்டுமே.

இந்த 27 மில்லிமீட்டருக்கு வண்டி என்ன விலை கொடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். டயர் 7 விழுக்காடு பெரிதானால், ஒரு சுற்றுக்கு அவ்வளவு கூடுதல் தூரம் ஓடும். மீட்டர் முன்பு சரியாகக் காட்டியது என்று வைத்துக்கொண்டால், இனி அது 110 காட்டும்போது உண்மையான வேகம் 118. கேமராவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. முதல் கியரின் இழுவை அதே அளவு குறையும். மேடு ஏறத்தான் பெரிய டயர் போடுகிறோம், ஏறும் சக்தியையோ குறைத்துக்கொள்கிறோம். கனமான சக்கரத்தைச் சுழற்றவும் நிறுத்தவும் அதிக ஆற்றல் தேவை. எண்ணெய் கூடுதலாகச் செலவாகும், பிரேக்குக்கும் வேலை கூடும்.

என்னை யோசிக்க வைத்தது பிரேக்தான். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் பழைய சாலை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். 1931இல் போட்ட சாலை. வளைவுக்குப் பின் வளைவு. மழை இல்லாத நாளிலும் மரநிழலில் தார் ஈரமாகவே கிடக்கும். சேற்று டயரில் பெரிய கட்டைகளுக்கு இடையே அகலமான பள்ளங்கள் இருக்கும். சேற்றை உதற அது உதவும். ஆனால் ஈரமான தாரில், தரையைத் தொடும் ரப்பர் குறைவு என்பதால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். என் கணக்குப்படி ஆண்டுக்கு ஆறு முறை மண்சாலை, மற்ற எல்லா நாளும் தார். அந்த ஆறு முறையும்கூடத் தார்ச்சாலையில் ஓடும் தூரமே பெரும்பகுதி. பின் இருக்கையில் கிளினிக்குக்குப் போகும் ஒரு பாட்டியோ கைக்குழந்தையோடு ஒரு தாயோ உட்கார்ந்திருக்கும் நேரத்தில், வண்டி எவ்வளவு உயரமாக நிற்கிறது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் நிற்கிறது என்பதே முக்கியம்.

மறுநாள் மாமா தனக்குத் தெரிந்த சுற்றுலா ஓட்டுநர் ஒருவரிடம் என்னை அனுப்பினார். கடல் மட்டத்திலிருந்து 2,032 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டுக்கு லேண்ட் ரோவரில் பயணிகளை ஏற்றிப்போகிறவர். சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளைத் தாண்டி, ஒரு வண்டி போனால் இன்னொன்று ஒதுங்கி நிற்க வேண்டிய குறுகிய சாலையில் ஏறினோம். இறங்கும்போது ஒரு கிளை மண்பாதையில் நிறுத்தி, என் கையில் காற்றழுத்த அளவியைக் கொடுத்தார். “அக்கா, காசு செலவில்லாத அப்கிரேட் இது” என்று சிரித்தார்.

தாரில் 32 பிஎஸ்ஐ வைத்திருக்கும் டயரைச் சேற்றில் 20 அளவுக்கு இறக்கினால், டயர் சற்றுப் படிந்து, தரையைத் தொடும் பகுதி நீளும். பிடிப்பு கூடும். கல்லில் மோதினால் டயர் வளைந்து கொடுக்கும், குலுக்கலும் குறையும். ஆனால் அந்த அழுத்தத்தில் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி காற்றடித்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் டயர் சூடேறிக் கிழியும். ஆகவே அளவியும் சிறிய கம்ப்ரஸரும் இல்லாமல் காற்றை இறக்கக் கூடாது.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். வண்டியின் உயரத்தையும் கட்டமைப்பையும் மாற்ற ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி தேவை. உடல் பகுதிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் டயருக்குச் சம்மன் வரும். காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு பெரிய தலைவலியாகும்.

கடைசியில் நான் வாங்கியது 265/70R17. அகலம் அதே, உயரம் மட்டும் 803 மில்லிமீட்டர். அச்சுக்குக் கிடைத்தது 13 மில்லிமீட்டர். என் வண்டியில் ரிம் மாற்றவில்லை, சஸ்பென்ஷனைத் தொடவில்லை, எங்கும் உரசவில்லை. மீட்டர் வித்தியாசம் 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல். சேறு, தார் இரண்டுக்கும் நடுத்தரமான ‘ஆல் டெரெயின்’ வகை. மாமாவின் ஒல்லி டயரை என் வண்டிக்குப் போடாததற்கும் காரணம் உண்டு. அவர் 40 கிலோமீட்டர் வேகத்தில் தோட்டத்துக்கும் சந்தைக்கும் போகிறார். நான் மழையில் நெடுஞ்சாலையில் 110இல் வருகிறேன்.

வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனித்தேன். பாரம் தாங்கும் குறியீடு பழைய டயருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணைப் பார்க்க வேண்டும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது என்று பொருள். ஐந்தாவதாக ஸ்டெப்னியும் அதே அளவில் வாங்கினேன். மிச்சப் பணத்தில் கம்ப்ரஸர், இழுவைப் பட்டை, சட்டத்தோடு உறுதியாகப் பொருத்திய இழுவைக் கொக்கிகள், புதிய பிரேக் பட்டைகள். பிறகு, இரு பக்கமும் ஏறுபடி. மூட்டுவலியோடு ஏறும் அம்மாவுக்காக என்று பொருத்தினேன். கிராமத்துப் பாட்டிகளுக்கும் அதுவே உதவுகிறது. வண்டியை மூன்று அங்குலம் உயர்த்தியிருந்தால் இவர்களை யார் தூக்கி உட்கார வைப்பது?

நவம்பரில், மழைக்காலத்தின் நடுவே, புதிய டயரோடு அந்தக் கிராமத்துக்குப் போனோம். பாதி வழியில் ஒரு செம்மண் மேடு முழங்கால் ஆழத்துக்கு உழுது கிடந்தது. முந்திய வாரம் பெரிய டயர் வண்டிகள் அணிவகுத்து வந்து விளையாடிவிட்டுப் போயிருக்கின்றன. சேற்று டயரின் கட்டைகள் சுழன்று தோண்டிய தடங்களில் தண்ணீர் தேங்கி, சாலை வாய்க்காலாகியிருந்தது. எங்கள் கண் முன்னே ஓர் இளைஞர் தன் கப்சாய் மோட்டார் சைக்கிளை அதில் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் பள்ளிச் சீருடையில் தங்கை, காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அதுவரை அந்தச் சாலையை நான் தாண்ட வேண்டிய தடையாகத்தான் பார்த்திருந்தேன். எனக்கு அது இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் சாலை. அவர்களுக்குப் பள்ளிக்கும் கிளினிக்குக்கும் கடைக்கும் இருப்பது அது ஒன்றுதான். சக்கரத்தைச் சுழற்றி நாம் மேலே ஏறிவிடலாம். தோண்டிய பள்ளம் அங்கேயே இருக்கும்.

அன்று மேட்டின் அடியில் வண்டியை நிறுத்தினோம். அரிசி மூட்டைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தோம். கிராமத் தலைவர் தோக் பாத்தின் எதிரே வந்து, மலாயில் பொறுமையாகச் சொன்னார்: “மழை விட்டு இரண்டு நாள் கழித்து வாங்க. அரிசி கெட்டுப் போகாது. சாலை கெட்டுப் போகும்.”

இப்போதெல்லாம் புறப்படுவதற்கு முதல் நாள் ரிங்லெட்டில் தெரிந்த ஒருவரை அழைத்து, மலையில் மழை பெய்ததா என்று கேட்டுக்கொள்கிறோம். பெய்திருந்தால் பயணம் அடுத்த வாரத்துக்குப் போகும்.