இடது பின்சில்லு

ஜனவரி 13

நேற்று முழுக்கத் தூறல். வெப்பநிலை 3 பாகைக்கு ஏறியிருந்தது. ஸ்காபரோவில் நடுக்குளிரில் இப்படி ஒருநாள் வந்தால் காரைக் கழுவத்தான் எல்லோருக்கும் தோன்றும். இரண்டு கிழமையாக வீதி உப்புப் படிந்து என் கார் சாம்பல் பூசினதுபோல் கிடந்தது. வேலை முடிந்து வரும் வழியில், அடிப்பக்கத்துக்கும் தண்ணீர் அடிக்க விட்டுக் கழுவினேன். வீட்டுக்கு வந்து, சரிவான டிரைவ்வேயில் ஏற்றி நிறுத்தி, வழக்கம்போல் ஹான்ட்பிறேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன். இரவு காற்று மாறியது. விடியப்புறம் மைனஸ் 17.

ஐந்தே முக்காலுக்கு எஞ்சினைப் போட்டேன். பிடியை இறக்கினேன். இழுவையே இல்லாமல் தொளதொளவென்று இறங்கியது. முகப்பில் சிவப்பு விளக்கு அணைந்தது. ரிவேர்சில் போட்டால் கார் முனகி, அரை அடி நகர்ந்து, நின்றது. கொஞ்சம் கூட மிதித்தபோது எதையோ இழுத்துக்கொண்டு போவதுபோல் நகர்ந்தது. இறங்கிப் பார்த்தேன். இரவு விழுந்த மெல்லிய ஸ்னோவில் வலது பின்சில்லு ரயரின் வரிகளைத் துலக்கமாகப் பதித்திருந்தது. இடது பின்சில்லு வைத்துப்போனது கரண்டியால் வழித்தெடுத்ததுபோல் மழமழவென்று ஒரு கோடு. அது உருளவேயில்லை.

விளக்கு அணைந்ததை நான் நம்பியிருந்தேன். அந்த விளக்கோ பிடிக்குக் கீழே இருக்கும் ஒரு சின்னச் சுவிட்சைக் கேட்டு எரிவது. பிடி இறங்கினால் அணைந்துவிடும். சில்லு விட்டதா இல்லையா என்பது அதற்குத் தெரிய வழியில்லை.

முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை எனக்கு. ஏழு மணிக்கு என் பக்கத்தில் எட்டுப் பேர் எழும்பக் காத்திருப்பார்கள். அதில் ஒருவருக்கு 91 வயது. கண் விழித்ததும் கதவைப் பார்த்து, வருவது நான்தானா என்று கேட்பவர். அவரை நினைத்துத்தான் கை பதறியது. இரவு வேலை செய்யும் பிள்ளைக்கு அழைத்து, நான் வருமட்டும் நிற்கச் சொன்னேன். "ஆறுதலா வாங்கோ அக்கா, நான் நிக்கிறன்" என்றாள்.

பக்கத்து வீட்டு ஐயா சத்தம் கேட்டு, கேத்தில் நிறையக் கொதிதண்ணீரோடு வந்துவிட்டார். "ஊத்தட்டே பிள்ளை?" வேண்டாம் என்றேன். இந்தக் குளிரில் ஊற்றுகிற தண்ணீர் உள்ளே இறங்கித் தேங்கி, கொஞ்ச நேரத்தில் இன்னும் இறுக்கமாய் உறையும். குளிர்ந்து கிடக்கும் வார்ப்பிரும்பின்மேல் கொதிநீர் பட்டால் வெடிக்கவும் கூடும். அவர் கேத்திலைப் படியில் வைத்துவிட்டு ரோச் லைற் பிடித்தார்.

கராஜுக்குள் இல்லாமல் வெளியில் நிற்பதால் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட முடிந்தது. பிறகு முன்னுக்கு ஒரு துளி, பின்னுக்கு ஒரு துளி என்று மெல்ல ஆட்டினேன். இந்த இடத்தில் கோபத்தோடு மிதித்தால் பிறேக் ஷூவின் மேல்பட்டை உரிந்து ட்ரம்மோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அசையவில்லை. பார்க்கில் போட்டு, முன்சில்லுக்குக் கீழே செங்கல் வைத்துவிட்டு, பின்சில்லின் இரும்பு வளையத்தில் இருக்கும் ஓட்டைக்குள்ளால் ஒரு மரத்துண்டை விட்டு, சுத்தியலால் ட்ரம்மைச் சுற்றிவரத் தட்டினேன். திரும்ப ஏறி முன்னுக்கு எடுத்தேன்.

'டக்.' சுவருக்குள் ஏதோ முறிந்ததுபோல் ஒரு சத்தம். கார் நகர்ந்தது.

இந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று வழிநெடுகத் தோன்றிக்கொண்டிருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

வேலையிடத்தில் இறங்கியதும் நாலு சில்லுக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். மூன்று ஐஸ்கட்டி. இடது பின்சில்லு அடுப்பு. அதில் ஒட்டியிருந்த ஸ்னோ முழுக்க உருகி, கருகல் மணம் வந்தது. அதாவது ஷூ ட்ரம்மை விட்டு முறிந்து வந்ததே தவிர, முழுதாக விடவில்லை. இருபது நிமிடமும் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த நிலையில் ஓட்டியது பிழை. வழியில் ஐஸ் படிந்த ஒரு திருப்பத்தில் அந்தச் சில்லு மறுபடி இறுகியிருந்தால் கார் பின்பக்கமாகச் சுழன்றிருக்கும். யாரோ ஒரு பிள்ளை பஸ்ஸுக்கு நின்றிருக்கக்கூடும். இதை எழுதும்போதும் வயிறு கலங்குகிறது.

ஜனவரி 14

கராஜில் தம்பி காரை உயர்த்திவிட்டு என்னையும் கீழே கூப்பிட்டுக் காட்டினார். விளக்கிச் சொல்கிற மெக்கானிக் கிடைப்பது பெரிய கொடுப்பினை.

என் காரில் பின்னுக்கு ட்ரம் பிறேக். பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் ட்ரம்முக்குள்ளே இருக்கின்றன. காலால் மிதித்தால் எண்ணெய் அழுத்தம் அவற்றை வெளிப்பக்கம் தள்ளும். அந்த எண்ணெய் இந்தக் குளிருக்கு உறையாது. கையால் இழுத்தால் அதே ஷூக்களை ஒரு கம்பி இழுத்து விரிக்கும். விடும்போது கம்பியைத் திரும்பத் தள்ள ஆளில்லை. ஸ்பிரிங் இழுத்தால்தான் அது பின்னுக்குப் போகும். இழுப்பது என் கையின் பலம், விடுவிப்பது ஒரு சின்ன ஸ்பிரிங்கின் பலம். சிக்கல் முழுக்க அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

"இதைப் பாருங்கோ அக்கா." கம்பிக்கு ஒரு கறுப்பு உறை. காரின் அடியில் அது தாழ்ந்து வளைகிற இடத்தில் பிளாஸ்ரிக் வெடித்து, உள்ளே துருப் பொங்கி, பாம்பு இரை விழுங்கினதுபோல் வீங்கியிருந்தது. வெடிப்பால் உப்புத் தண்ணீர் போகும், துருப்பிடிக்கும், துரு வீங்கி வழியை நெருக்கும். பிறகு போகிற தண்ணீர் அந்தத் தாழ்ந்த வளைவில் தேங்கும். அங்கே உறைந்தால் பிடி இறங்கும், கம்பி இறங்காது.

"அப்ப நான் கழுவினதுதான் பிழையே?"

"கழுவினது சரி. கழுவிப்போட்டு உடன நிப்பாட்டி, ஹான்ட்பிறேக்கை இழுத்ததுதான் பிழை. ஒரு பத்து நிமிசம் ஓடி, நாலைஞ்சு தரம் பிறேக்கை அமத்தியிருந்தா ட்ரம் சூடாகி ஈரம் காய்ஞ்சிருக்கும்."

ஆக, நேற்று இரண்டு பிடிகள் இருந்திருக்கின்றன. ஷூவுக்கும் ட்ரம்முக்கும் நடுவில் இருந்த ஈரம் உறைந்து ஒட்டியது ஒன்று. நான் தட்டி முறித்தது அதைத்தான். கேபிளுக்குள் இருந்த ஐஸ் மற்றது. கருகல் மணம் வந்தது அதனால்.

இனி ஹான்ட்பிறேக்கைத் தொடுவதில்லை என்றேன். தம்பி தலையாட்டவில்லை. வருசம் முழுக்கத் தொடாமல் விட்டால் கேபிள் அசைவில்லாமல் அந்த இடத்திலேயே துருவேறி இறுகிவிடுமாம்; பிறகு அவசரத்துக்கு இழுத்தால் பிடிக்காது, பிடித்தால் விடாது. கோடையில் ஒவ்வொரு நாளும் இழுக்கச் சொன்னார். குளிர்காலத்திலும் காய்ந்த நாளில் இழுக்கலாம். ஈரம் பட்டு, இரவு உறையப் போகிறது என்று தெரிந்த நாளில் மட்டும் விடவேண்டும்.

இரண்டு பக்கக் கேபிளும் மாற்றி, ஷூ அசைகிற இடங்களைத் துப்புரவாக்கி, சூடு தாங்கும் கிறீஸ் பூசித் தந்தார். மகளின் காரில் பிடி இல்லை, பொத்தான்தான். அதற்குச் சின்ன மோட்டார் இருக்கிறது. சில கார்களில் எஞ்சினை நிறுத்தியதும் அது தானாகவே இழுத்துக்கொள்ளும். அதை எப்படி நிறுத்துவது என்று கையேட்டில் பார்க்கும்படி மகளுக்குத் தகவல் அனுப்பினேன்.

ஜனவரி 15

பொங்கல். அடுப்படியில்தான் பொங்கினேன், வெளியில் பால் பொங்கமுன் உறைந்துவிடும்.

படத்துக்கு முன்னால் விளக்கேற்றும்போது, அந்த 'டக்' எங்கே கேட்டது என்று தெரிந்தது. அப்பாவின் லொறி.

எழுபதுகளில் அப்பா சுன்னாகத்தில் சின்ன வெங்காயம் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போவார். வரும்போது கரட், லீக்ஸ். ஒருமுறை பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கம்பளை தாண்டி, புசல்லாவை, றம்பொடை என்று வளைந்து வளைந்து ஏறியதும், காதடைத்ததும் நினைவிருக்கிறது. தட்டையான யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு அந்தச் சரிவுகள் பயம். லொறி நின்ற உடனே கிளீனர் பெடியன் குதித்து ஓடிப்போய்ப் பின்சில்லுக்கு மரக்கட்டை வைப்பான். அதைக் கண்ட பிறகுதான் நான் மூச்சு விடுவேன்.

நுவரெலியா 1868 மீற்றர் உயரம். தை மாத விடியலில் அங்கே புல் வெள்ளையாய்க் கிடக்கும், தேயிலைக் கொழுந்து கருகும். இரவு மழையில் நனைந்து நின்ற லொறியை விடிய எடுக்கும்போது பின்னுக்கு அந்தச் சத்தம் வந்தது. ஐஸ் வேண்டுமென்று இல்லை. ஈரமும் ஓரிரவுத் துருவும் போதும், ஷூ ட்ரம்மைப் பிடிக்க. நான் திடுக்கிட்டேன். "ஒண்டுமில்லை பிள்ளை, இரா முழுக்கப் பிடிச்சுக்கொண்டு நிண்டது, இப்ப விடுது" என்றார் அப்பா.

நான் இங்கே லைசென்ஸ் எடுத்ததும் அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். வாழ்த்தவில்லை. "ஹான்ட்பிறேக் இழுக்காமல் காரை விட்டு இறங்காதை" என்றார். அதுதான் அவருடைய வாழ்த்து. அன்றுமுதல் ஒருநாளும் நான் மறந்ததில்லை. மறக்காததால்தான் செவ்வாய்க்கிழமை அப்படி நடந்தது என்று நினைக்கும்போது, அவர் சொல்லை இனி மீறவேண்டுமே என்று இரண்டு நாளாய் மனம் ஒப்பவில்லை. கட்டையை மறந்துபோயிருந்தேன். அவர் ஹான்ட்பிறேக்கை மட்டும் நம்பி ஒருநாளும் இறங்கியவரில்லை. கியரும் போடுவார், கட்டையும் வைப்பார்.

ஜனவரி 18

என் கணவர் பழைய வேலிக் கம்பத்திலிருந்து ஆப்புப்போல் இரண்டு கட்டை அறுத்துத் தந்தார். வழுக்காமல் இருக்க அடியில் பழைய ரயர்த் துண்டு அடித்திருக்கிறார். இரண்டையும் சேர்த்து ஒரு கயிறும் கட்டியிருக்கிறார்.

ஜனவரி 22

பகலில் ஸ்னோ உருகி வீதி முழுக்கச் சகதி. இரவு மைனஸ் 19 என்று சொல்லியிருந்தார்கள். வீட்டுக்குக் கிட்ட வரும்போது ஆளில்லாத வீதியில் நாலைந்து தரம் பிறேக்கை அமத்தி உலர்த்தினேன். டிரைவ்வேயில் ஏற்றி, பார்க்கில் போட்டு இறங்கி, இரண்டு பின்சில்லுக்கும் பின்னால் கட்டை வைத்தேன். திரும்ப ஏறி, காலால் பிறேக்கைப் பிடித்தபடி நியூற்றலில் போட்டு, கார் கட்டையில் மெல்லச் சாயவிட்டு, பிறகு பார்க். இல்லையென்றால் காரின் முழுப் பாரமும் கியர்ப்பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்னப் பல்லில் தொங்கும்.

கை பழக்கத்தில் பிடியைத் தேடிப் போனது. விட்டுவிட்டு இறங்கினேன்.

ஜனவரி 23

ஐந்தே முக்கால். மைனஸ் 20. ஒரு சத்தமுமில்லை. கார் அரை அடி முன்னுக்குப் போய் நின்றதும் கயிற்றைப் பிடித்துக் கட்டைகளை எடுத்துப் பின்னுக்குப் போட்டேன். ஸ்னோவில் பின்சில்லுகள் இரண்டும் வரி பதித்திருந்தன.

ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்க அந்த அம்மாவின் அறைக் கதவைத் திறந்தேன். இன்னும் நித்திரை.