பூட்டிய கருவியும் ரிச்சி தெருவும்

சென்னை அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் போகும் வழியில் இருக்கிறது ரிச்சி தெரு. பெயர் ஒரு தெருவுடையதுதான். ஆனால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை என அக்கம்பக்கத்தையும் சேர்த்தே ஊர் அதை அப்படி அழைக்கிறது. டெல்லியின் நேரு பிளேஸுக்கு அடுத்த பெரிய மின்னணுச் சந்தை என்று சொல்வார்கள். வாசலில் கேபிளும் ஸ்பீக்கரும் சிசிடிவி கேமராவும் தொங்கும். அவற்றைத் தாண்டி உள்ளே போனால், நான்கைந்து பேர் தோளிடிக்க அமர்ந்திருக்கும் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொருவர் முன்னாலும் நுண்ணோக்கி, சூடான காற்றை ஊதும் எஸ்எம்டி மெஷின், கரிந்த பச்சைப் பாய், அதன்மேல் வயிறு திறந்து கிடக்கும் ஒரு ஃபோன். ஃபோன் கெட்டுப்போனால் நமக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், ‘இதைச் சரிபண்ண முடியாது சார், புதுசா வாங்கிடுங்க’ என்பது. இந்த மேசைகளில் நடப்பதைப் பார்த்தபின், அந்தப் பதிலில் பெரும்பகுதி உண்மையில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. சரிசெய்யக் கை இருக்கிறது, கருவி இருக்கிறது. தடையாக இருப்பது, செய்தவர்கள் வேண்டுமென்றே போட்டு வைத்த பூட்டு. இன்றைய கருவிகள்மேல் நமக்குள்ள எரிச்சலுக்கும், அவற்றைப் பற்றி மிச்சமிருக்கும் நம்பிக்கைக்கும் இந்தப் பூட்டுதான் காரணம் என்பது என் வாதம்.

கடைக்காரர்கள் வேலையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். டிஸ்ப்ளே காம்போ, பேட்டரி, சார்ஜிங் பின் மாற்றுவது கழற்றி மாட்டும் வேலை. சில மாதங்களில் கை பழகிவிடும். போர்டு வேலை அப்படியல்ல. ‘செட் டெட்’ என்று வரும் ஃபோனில் முதலில் பேட்டரியை விலக்கிவிட்டு, அந்த இடத்தில் டிசி பவர் சப்ளையிலிருந்து 4 வோல்ட் அளவுக்குக் கொடுக்கிறார்கள். பிறகு பார்ப்பது ஆம்பியர் எண்ணை மட்டும். பவர் பட்டனைத் தொடும் முன்பே போர்டு கரண்ட் இழுத்தால் பேட்டரி லைனில் ஷார்ட். தொட்டபின் கொஞ்சம் ஏறிச் சட்டென்று விழுந்தால், பவர் ஐசிக்குப் பின்னால் எங்கோ ஒரு கிளையில் கோளாறாக இருக்கலாம். எண் ஏறி இறங்கும் விதத்தை வைத்தே எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்கிறார்கள். அடுத்து மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து ஒவ்வொரு லைனையும் அளப்பார்கள். ஷார்ட்டான லைனைக் கண்டுபிடித்தாலும், அந்த ஒரு லைனில் பத்து இருபது கெப்பாசிட்டர்கள் தொங்கிக்கொண்டிருக்கும். எது உள்ளே உடைந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. போர்டின்மேல் ரோசின் புகையை வெள்ளைப் படலமாகப் படியவிட்டு, லைனில் குறைந்த வோல்ட்டேஜ் கொடுத்தால், கெட்ட கெப்பாசிட்டர் சூடேறி அதன் தலைமேல் இருக்கும் படலம் மட்டும் முதலில் உருகும். வசதியுள்ள கடைகளில் இதற்கு வெப்பக் கேமரா வந்துவிட்டது. அந்தக் கெப்பாசிட்டரின் நீளம் சில நேரம் 0.4 மில்லிமீட்டர், அகலம் 0.2. அதை எடுத்துவிட்டால் பெரும்பாலும் ஃபோன் எழுந்துவிடுகிறது. காசு பெறாத அந்தத் துணுக்குக்காகத்தான் கம்பெனி சர்வீஸ் சென்டரில் போர்டு முழுவதையும் மாற்றச் சொல்லியிருப்பார்கள்.

ஐசி மாற்றுவது இன்னும் நுணுக்கமானது. சிப்பின் அடியில் கண்ணுக்கெட்டாத ஈயக் குண்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். சூடான காற்றில் சிப்பைக் கிளப்பி, பழைய ஈயத்தைத் துடைத்து, ஸ்டென்சில் தகட்டின் வழியே புதுக் குண்டுகள் பதித்து மீண்டும் உட்கார வைப்பதுதான் ரீபால். 2006 ஜூலையில் ஐரோப்பா மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குத் தடை போட்டபின், தொழிற்சாலைகள் காரீயமில்லாத பற்றாசுக்கு மாறின. அது உருக ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். பழைய காரீயக் கலவை 183லேயே உருகும். முப்பது டிகிரிக்கு மேல் கூடுதல் சூட்டைப் பக்கத்துச் சிப்புகள் தாங்க வேண்டும் என்பதால், எந்த இடத்துக்கு எவ்வளவு காற்று, எத்தனை நொடி என்பதெல்லாம் விரல்களின் கணக்காக இருக்கிறது. 2017இல் வந்த ஐஃபோன் எக்ஸில் ஆப்பிள் இரண்டு போர்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வைத்தது. அதைப் பிரிக்கும் ஹீட்டர் தட்டு வெகு சீக்கிரம் சீனாவின் ஷென்ஜெனிலிருந்து வந்து சேர்ந்தது, ரிச்சி தெருவும் பிரிக்கக் கற்றுக்கொண்டது. சேமிப்பு மெமரியில் உள்ள தகவல்கள் பிராசசரோடு பிணைந்த சாவியால் பூட்டப்பட்டிருப்பதால், போர்டு செத்த ஃபோனிலிருந்து படங்களை மீட்க பிராசசரையும் மெமரியையும் சேர்த்துப் பெயர்த்து வேறு போர்டில் நடவேண்டியிருக்கிறது. அதையும் செய்கிற கைகள் இங்கே உண்டு. கருவிகள் சிக்கலாகிவிட்டன, தெருவோரச் சர்வீஸ்காரரால் இனி முடியாது என்று சொல்கிறவர்கள் இந்த மேசைகளில் ஒரு பிற்பகலைக் கழிக்கலாம்.

அப்படியானால் கை எங்கே நிற்கிறது? முதலாவதாக, சர்க்யூட் படம் இல்லாத இடத்தில். வால்வு ரேடியோக் காலத்தில் பல செட்டுகளின் உள்ளேயே சர்க்யூட் படம் ஒட்டப்பட்டிருக்கும். தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குச் சர்வீஸ் மேனுவல் கிடைத்தது. சென்னைத் தூர்தர்ஷன் 1975இல் தொடங்கியபின் வீதிக்கு வீதி டிவி மெக்கானிக் உருவானதில் அந்தப் படங்களுக்குப் பெரிய பங்குண்டு. இன்று ஃபோன் கம்பெனிகள் சர்க்யூட் படத்தைத் தெருவுக்குத் தருவதில்லை. கசிந்த படங்களைத் தொகுத்துச் சந்தாவுக்கு விற்கும் சீன மென்பொருள்களை நம்பித்தான் போர்டு வேலை நடக்கிறது. புதிய மாடல் வந்தால் படம் கசியும்வரை, செத்த போர்டுகளைச் சுரண்டி லைன்களைத் தாங்களே வரைந்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது தடை இதைவிட மோசமானது. உதிரிபாகத்தின் வரிசை எண்ணைப் போர்டோடு மென்பொருளால் கட்டிவிடுவது. இரண்டு ஒரிஜினல் ஐஃபோன்களை வாங்கி, ஒன்றின் டிஸ்ப்ளேயை மற்றதில் மாட்டினால்கூட ‘இது அசல் என்று உறுதிசெய்ய இயலவில்லை’ என்ற எச்சரிக்கை வரும் நிலை 2019இல் ஐஃபோன் 11 மாடலோடு வந்தது. 2021இல் ஐஃபோன் 13இல் டிஸ்ப்ளேயை மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கும் வசதியே நின்றது. அதிலிருந்து தப்ப, பழைய டிஸ்ப்ளேயில் இருக்கும் குட்டிச் சிப்பைப் பெயர்த்துப் புதிய டிஸ்ப்ளேயில் பற்றவைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் ஆப்பிள் மென்பொருளைத் திருத்திக்கொண்டது. ஒரு மென்பொருள் திருத்தத்தில் நீங்கக்கூடிய தடை, பௌதிகத்தின் தடையாக எப்படி இருக்க முடியும்?

கம்பெனிகள் சொல்லும் மறுப்புகளில் கனமானது பாதுகாப்பு. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும், கண்டவர்களும் கைவைக்கக் கூடாது என்கிறார்கள். தீப்பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 2007 ஆகஸ்டில் நோக்கியா, மட்சுஷிட்டா தயாரித்த 4 கோடியே 60 லட்சம் பிஎல்-5சி பேட்டரிகள் சூடேறக்கூடும் என்று அறிவித்தது. நம் ஊரிலும் பீதி பரவியது. ஆனால் செய்ய வேண்டியிருந்தது என்ன? பின்மூடியை நகத்தால் திறந்து, பேட்டரியின் முதுகில் உள்ள எண்ணைச் சரிபார்த்து, பட்டியலில் இருந்தால் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொள்வது. ஃபோன் வீட்டிலேயே இருந்தது. 2016இல் சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 தீப்பற்றியபோது பேட்டரி உள்ளே ஒட்டப்பட்டிருந்தது. அதனால் முதல் சுற்றில் சுமார் 25 லட்சம் ஃபோன்களையே திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. மாற்றாகக் கொடுத்தவையும் தீப்பிடிக்க, அந்த மாடலையே கைவிட்டார்கள். கோளாறு தெருவோரத்தில் நேர்ந்ததல்ல, பேட்டரி வடிவமைப்பிலும் தயாரிப்பிலும்தான் என்று சாம்சங்கே 2017 ஜனவரியில் அறிவித்தது. கழற்ற முடிகிற பேட்டரி ஆபத்தைக் குறைத்தது, ஒட்டிய பேட்டரி அதைப் பெருக்கியது என்றுதான் இந்த இரண்டையும் நான் படிக்கிறேன். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையமும் 2021 மே மாதம் நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில், பழுதுநீக்கத்தைக் கட்டுப்படுத்தக் கம்பெனிகள் சொல்லும் காரணங்களுக்குச் சான்று சொற்பமே என்ற முடிவுக்கு வந்தது.

தண்ணீர் புகாமல் இருக்கப் பசை போட்டுத்தான் ஆக வேண்டும் என்ற மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2014இன் கேலக்ஸி எஸ்5 தண்ணீரில் முக்கினாலும் தாங்கும் ஐபி67 தரத்தில் வந்தது. அதன் பின்மூடியைக் கையால் திறந்து பேட்டரியை மாற்றலாம். கொஞ்சம் கூடுதல் தடிமன்தான் விலை.

போலி உதிரிபாகம் என்ற குற்றச்சாட்டை அப்படித் தள்ளிவிட முடியாது. அது தெருவில் கண்ணெதிரே இருக்கிறது. ‘ஒரிஜினல்’, ‘ஃபர்ஸ்ட் காப்பி’, ‘இன்செல்’ என்று விலைக்கேற்பத் தரம் சொல்கிறார்கள், வாங்குகிறவருக்கு வித்தியாசம் புரிவதில்லை. மலிவான இன்செல் பேனலை ஓஎல்இடி என்று கட்டிவிடுகிறவர்களும், நல்ல பாகத்தைக் கழற்றிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். நேர்மையான சர்வீஸ்காரர்களே இதைச் சொல்லி அலுத்துக்கொள்கிறார்கள். ஃபோனைக் கொடுக்கும்போது லாக் எண்ணையும் எழுதித் தரச் சொல்லும் பழக்கமும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. சாம்சங் 2022இல் கொண்டுவந்த பராமரிப்பு நிலை, படங்களையும் செய்திகளையும் மறைத்துவிட்டுப் பழுதுபார்க்க மட்டும் ஃபோனைத் திறந்துவிடுகிறது. அந்தரங்கம் காக்கும் வழியும் உண்டு என்பதற்கு அதுவே சாட்சி. போலிகளைப் பொறுத்தவரை ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அசல் டிஸ்ப்ளேயைக் கடைக்காரர் எங்கே வாங்குவது? பெரும்பாலான கம்பெனிகள் அதை அங்கீகரித்த மையங்களுக்கு வெளியே விற்பதில்லை. அசலுக்குக் கதவை அடைத்துவிட்டு, நகல் வந்து நிறைந்துவிட்டதே என்று கம்பெனி வருத்தப்படுவது சற்று வேடிக்கைதான். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சூட்டுக்குறைவான காரீய ஈயத்தை விரும்பும் இந்த அறைகளில் புகையை உறிஞ்சும் விசிறியை நான் அதிகம் பார்க்கவில்லை. ஃப்ளக்ஸ் புகையை நாள் முழுக்க மூக்கில் வாங்கிக்கொண்டு, ஈயம் தொட்ட கையோடு டீயும் வடையும் சாப்பிடுகிறார்கள். எந்தப் பயிற்சிச் சான்றும் காப்பீடும் இல்லாத தொழிலாக இதை வைத்திருக்கும்வரை, தெருவைப் புகழ்வதில் பாதி பாசாங்குதான்.

எல்லாம் சரி, புதியது மேலானதுதானே, வாங்கிப் போகட்டுமே என்பார்கள். உலகில் 2022இல் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடு என்கிறது ஐநா அமைப்புகளின் அறிக்கை. ஆப்பிள் தன் ஐஃபோன்களுக்கு வெளியிடும் சூழல் அறிக்கைகளின்படியே, ஒரு ஃபோனின் வாழ்நாள் கரி உமிழ்வில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அதைத் தயாரிக்கும்போதே நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே ஒரு ஃபோனின் ஆயுளை இரண்டாண்டு நீட்டுவது, எந்தப் பசுமை விளம்பரத்தையும்விட அதிகம் மிச்சப்படுத்தும். சூழலைப் பற்றி யோசிக்க நேரமில்லாதவர்களுக்கும் இதில் கணக்கு உண்டு. உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருப்பவருக்கு ஃபோன் ஒருநாள் செத்தால் அன்றைய கூலி போயிற்று. ரிச்சி தெருவுக்கு அவசரமாக வருகிறவர்களில் இத்தகையோர் நிறைய. புதியது மேலானது என்பது அவர்களுக்குப் பதிலாகாது.

நம்பிக்கைக்கு இடம் இருக்கிறதா என்றால், சட்டத்தின் பக்கம் இருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகச் சந்தைக்கு வரும் ஃபோன்களுக்கு, அந்த மாடலின் விற்பனை நின்றபின்னும் ஏழாண்டு உதிரிபாகம், ஐந்தாண்டு மென்பொருள் மேம்பாடு, 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பின்னும் 80 விழுக்காடு கொள்ளளவு தாங்கும் பேட்டரி ஆகியவை கட்டாயம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024இல் இயற்றிய சட்டம், உதிரிபாகத்தை மென்பொருளால் கட்டிப்போடுவதையே தடுக்கிறது. தமிழ்நாட்டுக்கு இதில் நேரடிச் சம்பந்தம் உண்டு. 2006இல் நோக்கியா ஆலை திறந்து 2014இல் மூடிய அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில்தான் இன்று ஐஃபோன்கள் பூட்டப்பட்டு வெளியேறுகின்றன. 2024-25இல் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 1,465 கோடி டாலர், நாட்டின் மொத்தத்தில் ஏறத்தாழ 41 விழுக்காடு. ரிச்சி தெருவிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளித் தயாராகும் கருவி, ஐரோப்பாவுக்குப் போனால் அங்குள்ளவருக்குச் சட்டப்படி உதிரிபாக உரிமையோடு போகிறது. அதே கருவி இங்கே விற்றால் அந்த உரிமை கிடையாது. ஆலைக்கு நிலமும் சலுகையும் தரும் மாநிலம், பதிலுக்குச் சர்வீஸ் மேனுவலையும் அசல் உதிரிபாகத்தையும் இங்குள்ள கடைகளுக்குத் தரவேண்டும் என்று நிபந்தனை வைத்தால் அது பேராசையாகாது.

இந்திய அரசும் அசைந்திருக்கிறது, மெதுவாக. நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பரில் ஒரு இணையவாசலும் திறந்தது. ஃபோன்களுக்குப் பழுதுநீக்கக் குறியீடு வழங்குவது பற்றி இன்னொரு குழு 2025 மே மாதம் அறிக்கை தந்தது. பேட்டரி, டிஸ்ப்ளே, பின்மூடி, கேமரா, சார்ஜிங் போர்ட், மைக், ஸ்பீக்கர் போன்றவற்றை வைத்து மதிப்பெண் போட்டு, அதைக் கடையிலும் பெட்டியிலும் காட்ட வேண்டும் என்பது பரிந்துரை. நல்ல தொடக்கம். ஆனால் மதிப்பெண்ணைக் கம்பெனியே தனக்குப் போட்டுக்கொள்ளும். பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் கழற்றி மாட்டும் பாகங்கள். ரிச்சி தெருவின் முழுத் திறமையும் குவிந்திருக்கும் போர்டு அதில் இல்லை, சர்க்யூட் படத்தைத் தரச்சொல்லும் கட்டாயமும் இல்லை. பிரான்ஸ் 2021 ஜனவரியில் இத்தகைய குறியீட்டைக் கொண்டுவந்தபோது உதிரிபாகத்தின் விலையையும் ஆவணங்கள் கிடைப்பதையும் தனித்தனி அளவுகோல்களாக வைத்தது. நம் விதிகளை இறுதிசெய்கிறவர்கள் அதையும் தாண்டி, படம் தராத மாடலுக்கும், அசல் பாகத்தை மாட்டினாலும் எச்சரிக்கை காட்டும் மாடலுக்கும் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டும். கம்பெனி தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண்ணைச் சரிபார்க்க, நரசிங்கபுரம் தெருவில் போர்டு வேலை செய்யும் இரண்டு பேரைக் குழுவில் சேர்த்தாலே போதும். அந்த மாடல் எங்கே திறக்கும், எங்கே திறக்காது என்று அவர்கள் ஒரே நாளில் சொல்லிவிடுவார்கள்.