கடலூர் இந்துமதிக்கு, மரக்காணத்திலிருந்து

அன்புள்ள இந்துமதி கதிரேசன் அவர்களுக்கு,

நீங்கள் என்னை அறிய மாட்டீர்கள். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஊரொன்றில், சாயங்காலம் பெண் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துப் பந்து ஆட விடுகிறவன் நான். பயிற்சியாளர் என்று சொல்லிக்கொள்ள சர்டிபிகேட் கிடையாது, விசில் இருக்கிறது. ஈ.சி.ஆரில் பஸ் ஏறினால் புதுச்சேரி தாண்டி உங்கள் கடலூர், ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அவ்வளவு பக்கத்து ஊர்ப்பெண் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர் என்ற ஒரே பேச்சை வைத்துக்கொண்டு இங்கே எத்தனையோ வாசல் ஏறியிருக்கிறேன். அதற்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

பெண்ணை மைதானத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்கப் போனால் இங்கே யாரும் முகத்தில் அடித்தாற்போல் மறுப்பதில்லை. உட்காரச் சொல்லி மோர் கொடுப்பார்கள். அப்புறம்தான் அது வரும்: "பந்து ஆடிட்டு இன்னா சார் பண்ணப் போவுது?" கேட்கிற அம்மா, இருட்டோடு அளத்துக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் உப்பைத் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டிவிட்டு வந்தவராக இருப்பார். தையை ஒட்டித் தொடங்கும் வேலை ஐப்பசி மழையோடு நின்றுபோகும். மிச்ச மாதங்களுக்குக் கைமாற்று, அடகு. அவரிடம் போய் நாட்டின் பெருமை, பெண் விடுதலை என்றெல்லாம் பேச எனக்கு வாய் வருவதில்லை. "கடலூர்ப் பொண்ணும்மா. இந்தியாவுக்கு ஆடுச்சு. இப்ப போலீஸ்ல எஸ்.ஐ." என்பேன். உடனே பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். எத்தனாவது படிக்க வேண்டும், உயரம் எவ்வளவு, பரீட்சை எப்போது என்று கணவரும் திண்ணையிலிருந்து எழுந்து வருவார். தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதை அப்போது சொல்லிக்கொள்வேன்.

விளையாட்டை விளையாட்டுக்காகவே நேசிக்கச் சொல்லித் தரக் கூடாதா என்று சென்னை நண்பர் ஒருவர் குறைப்பட்டார். மாதா மாதம் சம்பளம் வருகிறவர்களுக்கு அது சுலபம் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் ஆட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை வீழ்த்தித் தமிழ்நாடு முதல்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. பெண்கள் கால்பந்து என்றாலே மணிப்பூர்தான் என்றிருந்த காலம் அது. அதற்கடுத்த ஆண்டு நேபாளத்தின் பிராட்நகரில் தெற்காசியக் கோப்பை. அரையிறுதியில் வங்கதேசத்துக்கு எதிராக முதல் பாதியிலேயே நீங்கள் இரண்டு கோல் போட்டீர்கள். இந்தியா 4-0 என்று ஜெயித்து, இறுதியில் நேபாளத்தையும் 3-1 என்று வென்று, தொடர்ந்து ஐந்தாவது முறையாகக் கோப்பையை எடுத்தது. அந்தக் கதையைச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் இரண்டு கோலில்தான் நிற்பார்கள். எனக்கோ மற்ற தொண்ணூறு சொச்சம் நிமிடத்தின் மேல்தான் கண். அளத்தில் கடல் தண்ணீரைத் தெப்பத்தில் தேக்கி, பாத்தி பாத்தியாக மாற்றி, சுண்ட விட்டு, பதம் பார்த்துக் கடைசிப் பாத்திக்கு இறக்குகிற ஆள் ஒருவர் இருப்பார். வருகிறவர்கள் படம் எடுப்பது உப்புக் குவியலை. நடுக்களத்து ஆட்டக்காரியின் கதியும் அதுதான். பந்தை வாங்கி, திரும்பி, ஆள் எங்கே என்று பார்த்துத் தள்ளிவிட்டு மறுபடி ஓட வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்க நான் பட்ட பாட்டில் பாதி, உங்கள் பெயரைச் சொன்னதும் குறைந்தது. இப்போது எங்கள் பிள்ளைகளில் இரண்டு பேர் தாங்களாகவே நடுவில் ஆடக் கேட்கிறார்கள். முன்பெல்லாம் அத்தனை பேருக்கும் கோல் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

2020 ஊரடங்கில் சக ஆட்டக்காரிகள் வீட்டு மாடியில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது நீங்கள் சென்னைத் தெருவில் காக்கியில் நின்றீர்கள். 2022 ஜனவரியில் நவி மும்பையில் ஆசியக் கோப்பை. சொந்த நாட்டில், நீங்களும் இடம்பெற்ற அணி. ஈரானோடு ஒரே ஓர் ஆட்டம், கோல் இல்லாத சமன். அதற்குள் கொரோனா அணிக்குள் புகுந்து, சீன தைபே ஆட்டத்துக்கு ஆள் சேராமல், போட்டியை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. அதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்கிறேன்.

ஒரு மனக்குறையும் உண்டு, உங்கள் மேல் அல்ல. தென்னாப்பிரிக்காவின் ரெஃபிலோ ஜேன் உங்களைப் போலவே நடுக்களத்துக்காரர். சோவெட்டோவில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் கான்பெரா யுனைட்டெட், பிறகு இத்தாலியில் ஏ.சி. மிலான், சசுவோலோ என்று போனார். 2023 உலகக் கோப்பையில் அவர் தலைவராக இருந்த அணி இத்தாலியையே 3-2 என்று தோற்கடித்து நாக் அவுட் சுற்றுக்குப் போனது. அவருக்குப் பந்தே உத்தியோகம். நமக்கோ பந்து ஓர் உத்தியோகத்துக்கு வழி. 2020-இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்புக்குப் போன பாலா தேவியும் மணிப்பூர் போலீஸ்காரர்தான். உகாண்டாவின் ஃபசிலா இக்வாபுட், கானாவின் எல்ஷடாய் அச்சியம்போங் போன்றவர்கள் நம் இந்தியப் பெண்கள் லீகில் ஆடக் கடல் தாண்டி வருகிறார்கள். கோழிக்கோடு, கொல்கத்தா கிளப்புகள் அவர்களுக்கு வெளிநாட்டு வேலை. நம் பிள்ளைகளுக்கு அதே லீக் சில மாதச் சம்பளம். 2023-இல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் அந்த லீகின் முதல்நிலை கிளப்புகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சமாவது தர வேண்டும் என்று முடிவெடுத்தது. நல்லதுதான். ஆனால் அந்தத் தொகையைச் சொல்லி எந்த வாசலிலும் என்னால் பேச முடியாது. எஸ்.ஐ. என்று சொன்னால்தான் முடிகிறது.

எங்களிடம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருக்கிறாள். லீவு நாளில் அம்மாவோடு அளத்துக்குப் போவாள். பாதத்தில் வெடிப்பு, வெடிப்பில் உப்பு. ஷூவுக்குள் காலை விடும்போது பல்லைக் கடிப்பாள், விட்டபின் ஒன்றும் சொல்ல மாட்டாள். இடது காலில் நல்ல பாஸ் வரும். உங்களை "எஸ்.ஐ. அக்கா" என்றுதான் சொல்வாள், பெயர் சொல்ல மாட்டாள். டிவியில் எந்தப் பெண் போலீஸ் வந்தாலும், இவங்க எந்த பொசிஷன் சார் என்று என்னைக் கேட்கிறாள்.

கடலூருக்கு வரும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இங்கே இறங்குங்கள். கார்த்திகையில் வேண்டாம், மைதானம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். பொங்கலுக்கு முந்தின வாரம் தோது. நாலு பந்து இருக்கிறது, பம்பு மட்டும் சைக்கிள் கடையில் வாங்கி வர வேண்டும். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு உங்களிடம் கேட்க வேறொரு கேள்வி இருக்கிறதாம், என்னிடம் சொல்ல மறுக்கிறார்.

அன்புடன்,
மரக்காணத்திலிருந்து ஒரு விசில்காரன்