நாலு வருஷம் எந்த ஊர்ல?

இன்டர்வியூ எல்லாம் முடிஞ்சுதா? மேலே கோட்டு, கீழே லுங்கின்னு லேப்டாப் முன்னால உட்கார்ந்து சிரிச்சாச்சு. 2020 கொரோனாவுக்கு அப்புறம் அமெரிக்க ரெசிடென்ஸி இன்டர்வியூ பெரும்பாலும் ஸ்க்ரீன்லதான். இனி ரேங்க் லிஸ்ட். ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்திக் கொடுத்தா, மார்ச் மூணாவது வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் ஒரே ஒரு ஊரைச் சொல்லும். சொன்னா சொன்னதுதான். சைக்யாட்ரின்னா நாலு வருஷம்!

அதனால, ஏற்கெனவே அமெரிக்காவில் இருந்தீங்கன்னா ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு ரயிலேறுங்க பாஸ்.

முதல்ல பாஸ்டன். வேவர்லி ஸ்டேஷன்ல இறங்கி மேடேறினா மெக்லீன். 1895-ல் இந்தக் குன்றுக்கு வந்த மனநல மருத்துவமனை. மரங்களும் செங்கல் கட்டடங்களுமா, பார்த்தா காலேஜ் கேம்பஸ்தான். கணித மேதை ஜான் நாஷ் 1959-ல் இங்கேதான் சிகிச்சையில் இருந்தார். அத்தனை அமைதி. எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது!

நியூயார்க் நேர் எதிர். ஃபர்ஸ்ட் அவென்யூவில் பெல்வியூ, 1736-ல் தொடங்கினது. வாசல்ல அரை மணி நேரம் நில்லுங்க, போதும். ஆம்புலன்ஸ், போலீஸ் கார், பத்து பாஷை. பக்கத்துல 1930-களின் பழைய மனநலக் கட்டடம். பின்னாளில் அது வீடில்லாதவங்க தங்கும் இடமாச்சு. மருந்து எழுதிக் கொடுத்த பிறகு நோயாளி எங்கே தூங்குவார்ங்கற கேள்வி அந்தச் செங்கல்லைப் பார்க்கிறப்போ சுருக்குன்னு தைக்கும்.

பால்டிமோர்ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ். 1913-ல் அங்கே மனநலப் பிரிவைத் தொடங்கின அடால்ஃப் மேயர், நோயாளியோட முழு வாழ்க்கைக் கதையையும் கேட்கணும்னு சொன்னவர். வாடகையும் மத்த ரெண்டு ஊரைவிடக் கம்மி. (கதை கேட்கிறவனுக்கும் சாப்பாடு வேணுமே!)

ஊர் மட்டும் போதாது. இன்னொரு ஊர், பேர் வேண்டாம். இன்டர்வியூவில், "ராத்திரி மூணு மணிக்கு பேஷன்ட் கட்டுக்கு அடங்கலைன்னா சீனியர் வருவாரா?"ன்னு ரெண்டு ரெசிடென்ட்களைக் கேட்டேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மைக்கை மியூட் பண்ணாங்க. லிஸ்ட்லயே அது இல்லை. ஏன்னா போடுற எந்தப் பேரும் கிடைச்சுடலாம். அப்புறம் மாட்டேன்னு சொல்ல முடியாது.

'கிடைக்கிறதை முதல்ல போடு'ன்னு சீனியர்கள் சொல்வாங்க. நம்பாதீங்க. 1998-லேர்ந்து ஓடுற கணக்கு உங்க விருப்பத்துலேர்ந்துதான் ஆரம்பிக்குது. எட்டாத இடத்தை முதல்ல போட்டதால ரெண்டாவது இடம் கை நழுவாது. அந்தக் கணக்கை வடிவமைச்ச ஆல்வின் ராத்துக்கு 2012-ல் பொருளாதார நோபல். நம்ம நாஷுக்கு 1994-லேயே!

பாஸ்டன்லேர்ந்து நியூயார்க்குக்கு ரயில்ல நாலு மணி நேரம். இடது பக்க ஜன்னலைப் பிடிங்க. கனெக்டிகட் கிட்ட கடல் தெரியும். லிஸ்ட்டை அங்கே எழுதுங்க, பென்சில்ல.