கால்களை எண்ணிய பின்

கடிபட்ட இலையைக் கண்டால், 'புழு' என்னும் ஒரே சொல்லால் குற்றவாளியைச் சுட்டிவிடுவது நம் வழக்கம். ஆயின் நாம் புழுவென அழைப்பவை யாவும் ஓரினம் அல்ல. வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி ஆகியவற்றின் இளம்பருவம் ஒன்று. ஆங்கிலத்தார் 'சாஃப்ளை' என வழங்கும் பூச்சியின் இளம்பருவம் மற்றொன்று. தமிழ் பயின்றோராகிய நாம் இப்பூச்சியை 'ஈர்வாள் ஈ' என அழைக்க விழைகிறோம். இதன் பெண்பூச்சி, வயிற்று நுனியிலுள்ள வாள் போன்ற உறுப்பால் இலையையோ தண்டையோ கீறி, அப்பிளவில் முட்டையிடுகிறது.

பெயரில் ஈ இருப்பினும் அது எறும்பு, தேனீ, குளவி ஆகியவற்றின் சுற்றமே. தொல்காப்பியர் மரபியலில் எறும்பை மூவறிவுயிராகவும் தும்பியை நான்கறிவுயிராகவும் வகுத்தார். புலனறிவு அவர்தம் அளவுகோல். உடலமைப்பு இன்றைய விலங்கியலின் அளவுகோல். உற்று நோக்கிய பின்னரே பெயரிடுக என்பதே இரண்டும் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

எவ்வாறு நோக்குவது? இரண்டிற்கும் முன்புறம் மூன்று இணைக் கால்கள் உண்டு. பின்னுள்ள சதைக்கால்கள் வண்ணத்துப்பூச்சிப் புழுவுக்கு ஐந்து இணைக்கு மேற்படா. இலையுண்ணும் ஈர்வாள் ஈயின் புழுவுக்கோ ஆறு இணை அல்லது அதற்கும் மேல். இவ்வேற்றுமை சிறிதன்று. வண்ணத்துப்பூச்சிப் புழுக்களை மாய்க்கும் பி.டி. நுண்ணுயிர் மருந்து ஈர்வாள் ஈயின் புழுக்களை மாய்ப்பதில்லை. இனமறியாது தெளித்தால் மருந்தும் வீண், மரமும் வீண்.

1930ஆம் ஆண்டு கனடாவின் கியூபெக் மாகாணத்துக் காஸ்பே தீபகற்பத்தில், ஐரோப்பிய ஈர்வாள் ஈயால் ஸ்புரூஸ் காடுகள் சீரழிவது கண்டறியப்பட்டது. அதன் பெண்பூச்சிகள் ஆண்துணையின்றியே இனம் பெருக்குபவை. அவற்றை ஒடுக்க ஒட்டுண்ணிப் பூச்சிகள் கோடிக்கணக்கில் விடப்பட்டன. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில், எவரும் வேண்டி விடாத வைரஸ் நோயொன்று அப்புழுக்களிடையே பரவியது. ஒட்டுண்ணிகளுடன் அது தற்செயலாக வந்திருக்கலாம் என்பர் அறிஞர். 1940களின் நடுப்பகுதிக்குள் பூச்சிப் பெருக்கம் அடங்கிற்று.

இதனைப் படித்த பின், நம் வீட்டுக் கறிவேப்பிலையை மேய்ந்த பசும்புழுவின் கால்களையும் எண்ணினோம். சதைக்கால்கள் ஐந்து இணை. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை அது. நான்கைந்து இலைகளை அதற்கெனக் கொடுத்துவிட்டோம். இனமறியாது வெறுப்பது எளிது. எண்ணிப் பார்த்தவர்க்கே எதனை விலக்குவது, எதனை வாழவிடுவது என்பது விளங்கும்.