டிப்ளமோ என்றால் இளப்பமா?



"டிப்ளமோதானே?" என்று யாராவது இழுத்துக் கேட்டால் நமக்குச் சுருக்கென்று தைக்கும். அப்படிக் கேட்பவர்களுக்கு நம்ம வேலூரே பதில் வைத்திருக்கிறது.

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். திண்டிவனத்தில் அவர் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்து போனார்கள். ஆண் டாக்டரை அந்த வீடுகளில் அனுமதிக்கவில்லை. பெண் டாக்டரோ இல்லை. ஐடா அமெரிக்கா போய் டாக்டராகி 1900-ல் வேலூருக்கு வந்தார். ஆனால் ஒரு டாக்டர் எத்தனை ஊருக்கு ஓடுவார்? 1909-ல் நர்சுகளுக்குப் பயிற்சி தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. யார் வந்து சேருவார்கள் என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. வந்த விண்ணப்பங்களோ 151! 1922-ல் 14 பேர் தேறி வெளியே வந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது பட்டம் அல்ல நண்பர்களே, டிப்ளமோ! எம்.பி.பி.எஸ். வந்தது 1942-ல்தான்.

இன்னொன்று நம்ம தோல் தொழிலைச் சேர்ந்தது. தொழுநோயால் உணர்ச்சி இழந்த காலில் சாதாரணச் செருப்பு புண்ணாக்கிவிடும். புண் முற்றினால் காலே போகும். டாக்டர் பால் பிராண்டும் உடன் உழைத்தவர்களும் வேலூரில் மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்பு செய்து பார்த்தார்கள். அதில் ஆணி அடிக்கக் கூடாது, பாதத்துக்குத் தக்கபடி வெட்ட வேண்டும். இதைச் செய்வது சர்ஜன் அல்ல, பயிற்சி பெற்ற செருப்புத் தொழிலாளி! 1955-ல் தொடங்கிய கரிகிரி ஆஸ்பத்திரி இப்படிப்பட்டவர்களுக்குப் பயிற்சி தந்தது. கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகளுக்கும் இன்று இதே செருப்புதான் உதவுகிறது.

இனி என் வீட்டு விஷயம். அப்பாவுக்கு ஆம்பூரில் தோல் ஷாப்பு வேலை. தங்கை பிளஸ் டூ முடித்தாள். தெருமுனைக்கே ஷூ கம்பெனி பஸ் வருகிறது. ஏறினால் முதல் மாதமே சம்பளம். அவளோ, "அண்ணா, நான் ஏ.என்.எம். படிக்கிறேன்" என்றாள். "ரெண்டு வருஷம் வாடகைய யாருடி கட்டுறது?" என்றார் அம்மா. அம்மா கேட்டதில் தப்பில்லை.

ஆனால் எங்கள் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா மாற்றலாகிப் போய், பல மாதம் ஆளே வரவில்லை. தடுப்பூசிக்குக் கைக்குழந்தையோடு பஸ் ஏறினார்கள் தாய்மார்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது கணக்கு. அங்கே ஒருத்தி இல்லையென்றால், அந்த ஐயாயிரம் பேருக்கும் இல்லை. அப்பா இதைத்தான் அம்மாவிடம் சொன்னார். விண்ணப்பம் போட்டாயிற்று. என் பகுதிநேர வேலைச் சம்பளம் வாடகைக்கு.

பயிற்சி கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. 2017 நவம்பரில் தொகுப்பூதிய நர்சுகள் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் உட்கார்ந்தார்களே, அது எதற்கு? படிக்கும்போது உதவித்தொகை, முடித்ததும் நிலையான வேலை. இந்த இரண்டும் இருந்தால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்.

நம் சங்கம் இதற்கும் குரல் கொடுக்க வேண்டும். அதுவரை, உங்கள் வீட்டுத் தங்கை இந்தப் படிப்பு கேட்டால் தடுக்காதீர்கள், தோழர்களே!