நீரின் மூன்று குணங்கள்

நீரைப் பற்றிய பாடமே மத்ரஸாவில் நாம் ஓதிக்கொடுக்கும் முதற்பாடம். ஃபிக்ஹு நூல்கள் தூய்மையைப் பற்றிய இயலோடு தொடங்குகின்றன. அவ்வியல் நீரோடு தொடங்குகின்றது. மழை நீர், ஆற்று நீர், கிணற்று நீர், கடல் நீர் என்று வகைப்படுத்திய பின், நீர் கெட்டதை எவ்வாறு அறிவது என்று நம் முன்னோர் விளக்கினர். நிறம், சுவை, மணம் ஆகிய மூன்று குணங்களைப் பார்க்கச் சொன்னார்கள். நம் ஹனஃபி மத்ஹபில், பத்து முழத்துக்குப் பத்து முழம் பரப்புள்ள நீர்நிலையை ஓடும் நீருக்கு ஒப்பாகக் கொள்வர். அதில் அசுத்தம் விழுந்தாலும் இம்மூன்று குணங்களில் ஒன்று மாறாத வரை நீர் தூய்மையை இழப்பதில்லை. பள்ளிவாசல் ஹவுளின் கரையில் பிள்ளைகளை அமர்த்தி, முப்பது ஆண்டுகளாக நாம் இதைச் சொல்லி வருகின்றோம். அதில் நமக்கு ஐயம் எழுந்ததில்லை.

சென்ற ஆண்டு மழைக்காலம் கழிந்து, குளங்களில் மீன்பிடி நடந்துகொண்டிருந்த நாட்களில், ஒரு மாணவன் அந்த ஐயத்தை எழுப்பினான். அவன் தந்தை திண்டுக்கல் நகரையடுத்த ஒரு குளத்தில் மீன் குத்தகை எடுத்தவர். ஊரும் குளமும் பெயரின்றி இருக்கட்டும். பாடம் முடிந்ததும் அவன் எழுந்து, "ஹஜ்ரத், எங்க குளத்து மீன் ஹலாலா?" என்றான்.

"மீனில் என்னப்பா ஐயம்? மீன் ஹலால்தானே" என்றோம்.

"அப்ப எங்க அம்மா ஏன் அதை ஆக்க மாட்டேங்கிறாங்க? விக்கிறதுக்கு மட்டும்தான், வீட்டுக்கு வேணாம்னு சொல்றாங்க. தோல்ஷாப்புத் தண்ணி வந்த குளமாம்" என்றான்.

மற்றப் பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்தார்கள். "நாளை சொல்கிறோம்" என்று அன்றைய பாடத்தை முடித்துவிட்டோம். அந்த நாளை வருவதற்குச் சில வாரங்கள் ஆயின.

ஏன் தயங்கினோம் என்பதை மறைப்பதற்கில்லை. நம் அத்தா ஒரு தோல்ஷாப்பில் கணக்கெழுதிய மனிதர். நாம் உண்ட சோறு அந்தக் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது. நாம் ஓதிய மத்ரஸாவுக்கு ரமளானில் அரிசி மூட்டைகளை அனுப்பியவர்கள் தோல் வணிகர்கள். இன்று நாம் ஊதியம் பெறும் மத்ரஸாவின் கட்டடத்திலும் அவர்களின் ஈகை இருக்கின்றது. இத்தொழில் நம் சமுதாயத்துக்குச் செய்த நன்மை சிறிதன்று. எத்தனையோ குமர்கள் கரையேறியதும், எத்தனையோ பிள்ளைகள் கல்லூரி வாயிலை மிதித்ததும் அதன் வருவாயால்தான்.

மேலும், தோல் பதனிடுதல் நம் நூல்களில் மதிப்புடைய செயல். செத்த பிராணியின் தோலும் பதனிட்டால் தூய்மையாகிவிடும் என்பது ஃபிக்ஹின் விதி. திபாகத் என்னும் அச்சொல்லை ஓதிக்கொடுக்கும்போதெல்லாம் நம் அத்தாவின் தொழிலிடம் நினைவுக்கு வரும். உள்ளூரப் பெருமையும் வரும். ஆனால் தோலைத் தூய்மையாக்கிய நீர் பிறகு எங்கே போகின்றது என்ற வினா, அந்த இயலை எத்தனையோ முறை ஓதியும் நமக்குத் தோன்றவில்லை.

பழங்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்டார்கள். அந்த நீரும் நாறியது. ஆயினும் அதிலிருந்த பட்டைச்சாறு காலப்போக்கில் மட்கக் கூடியது. 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு இந்திய அரசு கட்டுப்பாடு விதித்து, முழுமையாக்கிய தோலை ஊக்குவித்தது. அதையொட்டிக் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை தமிழகத்தில் பெருகிற்று. அம்முறையில் வேலை விரைவாக முடியும், தோலும் மென்மையாகும். ஆனால் வழக்கமான முறையில், இட்ட குரோமியத்தில் அறுபது எழுபது விழுக்காட்டையே தோல் ஏற்றுக்கொள்கின்றது. எஞ்சியது கழிவுநீரோடு சென்றுவிடும்.

இதன் விளைவு நீதிமன்றப் பதிவேட்டில் உள்ளது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலை முடித்தெடுக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதும், குரோமிய முறையில் சுமார் 170 வகை இரசாயனங்கள் பயன்படுவதும் அத்தீர்ப்பில் குறிக்கப்பட்டுள்ளன. நம் ஊரும் அதில் வருகின்றது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கின்படி, குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 மாசுபட்டிருந்தன. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நிலைநாட்டிய நீதிமன்றம், திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது.

அத்தீர்ப்பு வந்தபோது நாம் இளம் ஆசிரியர். நகரெங்கும் அதே பேச்சு. தொழில் அழிந்துவிடும் என்று அஞ்சியவர்களோடு சேர்ந்து நாமும் அஞ்சினோம், துஆவும் கேட்டோம். அந்த 350 கிணற்றுக்காரர்களுக்காக ஒரு நாளேனும் கையேந்தினோமா என்று எண்ணிப் பார்த்தால், இல்லை.

பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கலாயிற்று, சில ஆலைகள் மூடப்பட்டன, சில திருந்தின. இவை உண்மை. ஆனால் குரோமியம் ஒரு தனிமம். தழை மட்குவது போல அது மட்காது. ஒருமுறை குளத்துச் சேற்றில் படிந்ததென்றால், ஆலை மூடிய பின்னும் அங்கேயே கிடக்கும். சேற்றைக் கிளறி இரை தேடும் மீன்களின் உடலில், குறிப்பாகச் செவுளிலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சேரும். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த அளவைச் சற்றே மீறிய நீரின் நிறத்தையோ சுவையையோ மணத்தையோ கொண்டு குறையைக் கண்டுபிடிக்க எவராலும் இயலாது. நம் மூன்று குணங்களும் மாறாமலே நீர் கெட்டிருக்கும்.

இவற்றையெல்லாம் தேடிப் படிக்கையில் பாதரசத்தின் செய்தியும் நம் முன் வந்தது. அதற்கும் தொலைதூரம் போக வேண்டியதில்லை; நம் மாவட்டத்தின் மலையுச்சியே போதும். கொடைக்கானலில் 1980களில், அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஒரு வெப்பமானித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. 2001 மார்ச்சில், பாதரசம் தோய்ந்த உடைந்த கண்ணாடி 7.4 டன் அவ்வூர்ப் பழைய பொருள் கிடங்கு ஒன்றில் கிடந்தது வெளிப்பட்டது. அவ்வாண்டே ஆலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. 2016இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ஐதராபாத் ஆய்வாளர்கள், கொடைக்கானல் ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருந்ததை 2006இல் வெளியிட்டார்கள்.

பாதரசம் குரோமியத்தைப் போன்றதன்று. அதனினும் நுட்பமாகப் பரவும். ஏரியடியிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அதனை நுண்பாசி ஏற்கின்றது. பாசியைப் பூச்சி தின்கின்றது. பூச்சியைச் சிறு மீனும், சிறு மீனைப் பெரு மீனும் தின்கின்றன. ஒவ்வொரு படியிலும் நஞ்சு செறிவாகி, பெரிய மீனின் தசையில் அது நீரில் உள்ளதைப் போலப் பல்லாயிரம், பல இலட்சம் மடங்காகிவிடும். கழுவினாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. கருவிலிருக்கும் குழந்தையின் மூளையையே அது முதலில் தாக்கும். ஜப்பானின் மினமாட்டா நகரில் 1956இல் அந்நோய் அறிவிக்கப்பட்டபோது, அதற்கு முன்பே மீன் தின்ற பூனைகள் துடித்துச் செத்திருந்தன. அங்கிருந்த இரசாயன ஆலையின் கழிவே காரணம் என்று அந்நாட்டு அரசு ஒப்புக்கொள்ள 1968 வரை ஆயிற்று.

இராக்கில் நடந்ததைப் படித்தபோது நமக்கு நெஞ்சு கனத்தது. 1971இல் வறட்சியால் வாடிய அந்நாட்டுக்கு விதைக் கோதுமை கப்பலில் வந்தது. பூஞ்சணம் பிடிக்காதிருக்க அதில் மெத்தில் பாதரசம் பூசியிருந்தார்கள். விதைப்பு முடிந்த பின் வந்து சேர்ந்த அக்கோதுமையைக் குடியானவர்கள் அரைத்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள். மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் 6,530 பேர். அவர்களில் இறந்தவர்கள் 459 பேர். மூட்டைகளின் மேல் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும். அரபி பேசும் மக்களுக்கு அது வெறும் கோடுகள். அரபியைத் தமிழாக்கிச் சொல்வதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட நாம், அந்த மூட்டைகளை எண்ணி வெகுநேரம் அமர்ந்திருந்தோம். நீதிமன்றத் தீர்ப்பும் ஆய்வறிக்கைகளும் நம் ஊர் மக்களுக்கு அத்தகைய மூட்டைகளாகவே இருக்கின்றன. அவற்றைப் படித்துச் சொல்லும் கடமை கற்றவர்களுக்கு இல்லையா?

அசுத்தத்தைத் தின்று வளர்ந்த பிராணியை ஃபிக்ஹு நூல்கள் ஜல்லாலா என்று குறிக்கின்றன. அதனை அறுக்கு முன் அடைத்து வைத்து, தூய தீனி கொடுக்க வேண்டும். கோழியாயின் மூன்று நாள். அசுத்தம் உடலை விட்டு நீங்க அவகாசம் தரும் விதி அது. தின்னப்படும் உயிர் எதனைத் தின்றது என்று கேட்டவர்கள் நம் இமாம்கள். ஆனால் மீனின் தசையில் ஊறிய மெத்தில் பாதரசம் மூன்று நாளில் நீங்குவதில்லை. பல மாதங்களாயினும் பெரும்பகுதி தங்கிவிடுகின்றது. விதியின் நோக்கம் இன்றும் பொருந்துகின்றது. நாட்கணக்கு மட்டுமே போதவில்லை.

இவ்வளவும் திரட்டிக்கொண்டு அம்மாணவனின் தந்தையைக் காணச் சென்றோம். குளக்கரையில் வலையை உலர்த்திக்கொண்டிருந்தவர், "வாங்க ஹஜ்ரத்" என்று துண்டை விரித்து அமரச் செய்தார். மீன் அதன் வகையில் ஹலால் என்றும், ஆயினும் உண்பது ஹலாலாக இருப்பதோடு தய்யிபாக, நல்லதாகவும் இருக்க வேண்டும் என்றும் சொன்னோம். பொருளின் குறையை வாங்குபவரிடம் மறைத்து விற்பது ஆகாது என்றும், தம் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குவதை அயலார் பிள்ளைக்கு விற்பது தகுமா என்றும் கேட்டோம்.

அவர் சினங்கொள்ளவில்லை. சற்று நேரம் வலையின் கண்களை நிமிண்டிக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க சொல்றது சரிதான் ஹஜ்ரத். ஆனா அந்தக் குறையைத் தண்ணியில வெச்சவன் நானில்லையே. வெச்சவங்ககிட்ட இதே மஸ்அலாவச் சொல்லியிருக்கீங்களா?" என்றார்.

நம்மிடம் விடையில்லை. ஏழை மீன்காரரிடம் வந்து சொல்ல முடிந்ததை, நம் மத்ரஸாவுக்கு அரிசி தந்தவர்களிடம் முப்பது ஆண்டுகளில் ஒருமுறையும் நாம் சொன்னதில்லை. பிறருக்கு ஊறு விளைவித்தல் ஆகாது என்ற விதியை அறியாதவரல்லர் நாம்; அதனை ஓதிக்கொடுத்து ஊதியம் வாங்கியவர்.

"இல்லை, சொன்னதில்லை. இனிச் சொல்கிறோம்" என்றோம். அவர் வற்புறுத்தித் தேநீர் தருவித்தார். குடித்துவிட்டு வந்தோம்.

அதன் பின் இரண்டு செய்தோம். குளத்துச் சேற்றையும் மீனையும் ஆய்வு செய்து முடிவை மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதினோம். முதற் கையொப்பம் நம்முடையது; இரண்டாவது அம்மீன்காரருடையது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் இருவரும் வரிசையில் நின்று அதனைக் கொடுத்தோம். அடுத்து, தோல் வணிகப் பெரியவர் ஒருவரை அவர் இல்லத்தில் கண்டு, மனுவின் படியைக் கொடுத்தோம். குரோமியத்தை மீட்டெடுத்து மறுபடி பயன்படுத்தும் முறைகளைச் சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் வகுத்திருப்பதையும், தொழிலை மூடாமலே நீரைக் காக்க வழி உண்டென்பதையும் சொன்னோம். அவர் நம் அத்தாவை அறிந்தவர். நெடுநேரம் பேசாதிருந்து, "உங்க அத்தா இருந்திருந்தா இதை எழுதியிருப்பாரா?" என்றார். "எழுதியிருக்க மாட்டார். ஆனால் கணக்கில் விடுபட்டதைச் சேர்க்காமல் அவர் ஏட்டை மூடியதில்லை" என்றோம். அவர் மனுவைத் திருப்பித் தரவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ரமளான் அரிசி இவ்வாண்டு வருமா என்பதை அல்லாஹ்வே அறிவான்.

மீன் உண்பதையே விட்டுவிடுங்கள் என்று நாம் எழுதவில்லை. மீன் நல்லுணவு, ஏழையின் வலுவும் அதுவே. எந்த நீரில் வளர்ந்தது என்று கேட்டு வாங்குங்கள். ஆலைக் கழிவு கலந்த குளத்து மீனை, ஆய்வு முடிவு தெரியும் வரை தவிருங்கள். கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், பிற மீன்களைத் தின்று வாழும் பெரிய மீன்களைக் காட்டிலும் சிறு மீன்களே நல்லவை. இவை நம் இல்லத்தில் நாம் இப்போது கைக்கொள்பவை.

இவ்வாண்டு நீர்ப்பாடம் மீண்டும் வந்தது. நிறம், சுவை, மணம் என்று வழக்கம்போல் ஓதிக்கொடுத்தோம். பிறகு, "இம்மூன்றும் மாறாதிருந்தும் இந்நீர் எவ்வழியாக வந்தது என்று கேட்டுப் பாருங்கள். இது நூலிலுள்ள விதியன்று, நூலின் நோக்கத்திலிருந்து எழும் கேள்வி" என்றோம். சென்ற ஆண்டு கேட்ட பிள்ளை பின்வரிசையிலிருந்து சற்றே சிரித்தான்.

ஆய்வறிக்கை இன்னும் கைக்கு வரவில்லை. வந்ததும், அது எவ்வாறிருப்பினும், ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் தமிழில் படிப்போம், இன்ஷா அல்லாஹ்.